இந்த வீட்டுக்கு ஒத்துவராத நாய்

வாங்க தம்பி, வாங்க. கேட்ட நல்லா சாத்திட்டு வாங்க. கொண்டியக் கீழ தட்டணும்... ஆங், அப்படி. கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர் அனுப்புன ஆளுதான நீங்க? போன்ல பேசுனது நான்தான், பொன்னுலிங்கம், ரிட்டயர்டு சர்வேயர். உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அதுல ஒரு கால் ஆடும், இதுல உக்காருங்க. பயப்படாதீங்க, நாய் பின்னாடி துவைக்கிற கல்லுகிட்ட கட்டிக் கெடக்கு. நான் கட்டல, வீட்டம்மா கட்டிருக்கா. நான் கட்டப் போனா நிக்காது.

நேரா விஷயத்துக்கு வந்துருவோம். ராஜபாளையம் நாயி எங்க வீட்டுக்கு ஒத்துவருமான்னு போன்ல கேட்டீங்க பாத்தீங்களா, அது கேள்வி. நாய வாங்குற பய எவனும் அதக் கேக்குறதில்ல. வெள்ளையா இருக்கு, மூக்கு ரோஸா இருக்கு, ஒசரமா இருக்கு, தூக்கிட்டு வந்துர்றான். அப்பறம் ஆறு மாசத்துல ரோட்ல விட்டுர்றான். நான் அந்த ரகம் கிடையாது தம்பி. முப்பத்தி நாலு வருஷம் சர்வே டிப்பார்ட்மெண்டு. அளக்காம ஒரு முடிவு எடுத்தது கிடையாது. நெலம் அளக்குற சங்கிலி புடிச்ச கை இது. இந்தக் கையத்தான் கடிச்சு வச்சிருக்கு, பாருங்க. நாலு தையல். இப்பப் பரவால்ல, ஊசியெல்லாம் போட்டாச்சு.

பயந்துட்டீங்களா? கடிச்ச கதையக் கடைசியா சொல்லணும்னு நெனச்சேன். வாயில வந்துருச்சு. இருங்க, மொதல்ல இருந்து சொல்றேன்.

எனக்கு ஒரே பொண்ணு. கட்டிக் குடுத்து ஓசூர்ல இருக்கா. இங்க நானும் வீட்டம்மாவும் மட்டும்தான். போன வருஷம் அடுத்த தெருவுல ஒரு அம்மா கழுத்துல கெடந்தத அத்துட்டுப் போயிட்டானுக, பட்டப்பகல்ல. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், நாய் வேணும்னு. நாய்னா என்ன நாய்? சீமை நாயெல்லாம் நம்ம வெயிலுக்கு ஆகாது, நாக்கத் தொங்கப்போட்டு ஃபேனுக்கு அடியில படுத்துக்கிடும். ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்துக்கிட்டு, அரைமணி நேரப் பயணத்துல ராஜபாளையத்த வச்சுக்கிட்டு, எவனாவது வெளிநாட்டு நாய் வாங்குவானா? நம்ம நாயி, நம்ம மண்ணு. ஒரு எஜமான், ஒரு சொல்லு. ஒருத்தனுக்குத்தான் அடங்கும்பாங்க அந்த சாதி நாய. எனக்கு அது புடிச்சிருந்துச்சு. முப்பத்தி நாலு வருஷமா சங்கிலி இழுக்குற லஸ்கருங்க, தலையாரிங்க, பட்டாதாருங்க, ஒரு பய நான் சொன்னத ஒரு தடவையில கேட்டது கிடையாது.

சும்மா போய் வாங்கல தம்பி. வயக்காட்டுக்கு ஸ்கெட்ச் போடுற மாதிரி இந்த வீட்டுக்கு ஒரு ஸ்கெட்ச் போட்டேன். கேட்ல இருந்து வாசப்படி வரைக்கும் எத்தன மீட்டர், பின்வாசல்ல இருந்து காம்பவுண்டுச் செவரு எத்தன மீட்டர், காலையில வெயில் எங்க விழும், சாயங்காலம் நெழல் எங்க விழும், நாய் ஓடுறதுக்கு எடம் எம்புட்டு, எல்லாம் போட்டு, தனியா ஒரு அட்டவணை. சாப்பாடு, தண்ணி, குளிப்பாட்டு, நடை, ஊசி. ஒவ்வொண்ணுக்கும் எதிர்க்க யாரு பொறுப்புன்னு எழுதினேன். நடை, பயிற்சி: நான். மத்ததெல்லாம்: வீட்டம்மா.

அவகிட்ட கேட்டீங்களான்னு கேக்குறீங்களா? அவகிட்ட என்னத்தக் கேக்க? அவ வீட்ல இருக்கறவதான தம்பி. ஸ்கெட்ச காமிச்சேன். பாத்தா. "துவைக்கிற கல்ல விட்டுட்டீங்க"ன்னா. அம்புட்டுதான் சொன்னா. பாத்தா நெசமாவே விட்டுட்டேன். அப்பறம் சேத்துக்கிட்டேன்.

நாய் வளக்குறவன் பேரு ஞானமுத்து. ராஜபாளையத்துக்கு மேக்க ஒரு மாந்தோப்புல வச்சிருக்கான். நல்ல நாயிதான், தாயும் தகப்பனும் கண்ணுக்கு முன்னால நின்னுச்சு. குட்டி ஆறு. நாப்பத்தஞ்சு நாள் குட்டிக. நான் டேப்ப எடுத்து ஒவ்வொண்ணா அளந்தேன். மூக்கு நுனியில இருந்து வால் நுனி, நெஞ்சுச் சுத்தளவு, முன்னங்கால் ஒசரம். ஞானமுத்து சிரிச்சான். சிரிச்சா சிரிக்கட்டும். அதுல ஒரு ஆண்குட்டி எல்லாத்துலயும் ஒரு சென்டிமீட்டர் கூட. பால் வெள்ளை. ஒரு பொட்டு கறுப்பு கிடையாது.

அப்பத்தான் அவன் சொன்னான். "சார், ரொம்ப வெள்ளையா இருக்கற குட்டியில ஒண்ணு ரெண்டு காது கேக்காமப் பொறக்கும். தனியா அந்த ரூமுக்குத் தூக்கிட்டுப் போயி, முதுகுக்குப் பின்னால ஒரு தட்டத் தட்டிப் பாத்துட்டு எடுங்க"ன்னான். எனக்குக் கோவம் வந்துருச்சு. எனக்கே சோதனை சொல்லிக் குடுக்கிறியாய்யா? நான் பாக்காத சோதனையா? அங்கேயே, ஆறும் ஒண்ணா சுருண்டு தூங்கிட்டு இருக்கும்போது, ஓங்கிக் கையத் தட்டினேன். டப்புன்னு ஆறும் எந்திரிச்சுச்சு. இதுவும் எந்திரிச்சுச்சு. என் கண்ணால பாத்தேன். "போதுமாய்யா?"ன்னேன். அவன் என்னமோ சொல்ல வாயெடுத்தான், நான் அதுக்குள்ள கூடையில எடுத்து வச்சுட்டேன்.

உங்களுக்குப் புரிஞ்சிருச்சு போல. முகத்துலயே தெரியுது. எனக்குப் புரிய பத்து மாசம் ஆச்சு தம்பி.

அஞ்சு குட்டி திடுக்குனு எந்திரிச்சா, மேல படுத்துக் கெடக்குற ஆறாவது குட்டி எந்திரிக்காம என்ன செய்யும்? நான் தட்டுனதுக்கு அது எந்திரிக்கல. பக்கத்துல உள்ளது எந்திரிச்சதுக்கு எந்திரிச்சிருக்கு. இத அந்த ஞானமுத்து விளக்கமா சொல்லிருக்கணுமா இல்லையா? ஏமாத்திட்டான்.

பேரு வச்சேன், சிப்பாய்னு. பேரு வச்சு என்னத்த? மொத மாசம் குட்டிதானன்னு விட்டேன். ரெண்டாவது மாசம் பயிற்சி ஆரம்பிச்சேன். "சிப்பாய், வா." வராது. "சிப்பாய், உக்காரு." உக்காராது. என்னையப் பாத்துட்டு இருக்கும், இல்லன்னா ஈயப் பாத்துட்டு இருக்கும். காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு. எதிர் வீட்டு வாத்தியார் ஒரு நாள் கேட் வரைக்கும் வந்துட்டாரு. "சார், நாய் வாங்கிருக்கீங்கன்னு சொன்னாங்க. எங்களுக்கு உங்க சத்தம்தான் கேக்குது"ன்னாரு. நக்கல். நாய் வித்த காசு குரைக்காதும்பாங்க, இங்க நான் வாங்குன நாயே குரைக்கல.

காவலுக்கு வாங்குனதுதான? கேளுங்க காவல் லட்சணத்த. கேஸ்காரன் கேட்டத் தொறந்து உள்ள வந்து, சிலிண்டர உருட்டிட்டுப் போயி, மாட்டிக் குடுத்துட்டு, காலி சிலிண்டரத் தூக்கிட்டு வெளிய வர்றான். இது வழியிலயே கால நீட்டித் தூங்குது. அந்தாளு வாலத் தெரியாம மிதிச்சுட்டான். அப்பத்தான் எந்திரிச்சு அவன் மேல பாயுது. சிலிண்டரப் போட்டுட்டு ஓடுனவன், இன்னைக்கு வரைக்கும் கேட்டுக்கு வெளியிலயே எறக்கி வச்சுட்டுப் போறான். நான்தான் உருட்டிட்டு வர்றேன்.

இதுல என்ன வயித்தெரிச்சல்னா, அவ சொன்னா கேக்கும். வீட்டம்மா சொன்னா. சொல்லவே மாட்டா தம்பி, அதுதான் எனக்கு வெளங்கல. வாயே தொறக்க மாட்டா. கால லேசா தரையில ஒரு தட்டு, இது தலையத் தூக்கும். கைய இப்படிக் காமிப்பா, உக்காந்துரும். அப்படிக் காமிப்பா, வந்துரும். அவ துவைக்கும்போது கல்லுக்குப் பக்கத்துல, சமைக்கும்போது அடுக்களை வாசல்ல, பூப்பறிக்கும்போது செடிக்குக் கீழ. அவ மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டே கெடக்கும். நான் வாங்கிட்டு வந்த நாய் தம்பி. என் அளவு, என் ஸ்கெட்ச். ஒருத்தருக்குத்தான் அடங்கும்னு சொன்னது சரியாத்தான் போச்சு, அந்த ஒருத்தர் நான் இல்ல.

சோறு போடுற கை, அதான்னு நெனச்சேன். சரின்னு ஒரு வாரம் நானே சோறு வச்சேன். தின்னுட்டு அவ பின்னாடி போயிருச்சு.

இப்பக் கடிச்ச கதை. ஆனி மாசம், மத்தியானம். முன்வாசல் தரையில நல்லாத் தூங்கிட்டு இருந்துச்சு. நான் வெளிய கிளம்புறேன், வழிய மறிச்சுக் கெடக்கு. "சிப்பாய், எந்திரி"ன்னேன். ரெண்டு தடவ சொன்னேன். மூணாவது தடவ கத்துனேன். அசையல. திமிரு பாத்தீங்களான்னு குனிஞ்சு கழுத்துப்பட்டயப் புடிச்சு ஒரு இழு இழுத்தேன். அம்புட்டுதான், திரும்பி ஒரே கவ்வு. கவ்வுனது என் கையத்தான்னு தெரிஞ்ச ஒடனே விட்டுட்டு அப்படியே தரையோட தரையா படுத்துக்கிருச்சு, நடுங்குது. ரத்தம் என் கையில, நடுக்கம் அதுக்கு.

ஆஸ்பத்திரியில தையல் போட்டுட்டு இருக்காங்க. இவ பக்கத்துல நிக்கிறா. நிதானமா சொல்றா, "பின்னாடி போய்த் தொடாதீங்க, அதுக்குக் காது கேக்காதுன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்"னு.

எனக்குத் தையலு வலி போயிருச்சு. "காது கேக்காதா? எப்பச் சொன்ன?"ன்னேன்.

நர்ஸம்மா முன்னால வச்சு வரிசையாச் சொல்றா தம்பி. தீபாவளிக்கு மறுநாள் சொன்னாளாம். தெருவே வெடிச்சுச்சு, இது மட்டும் அசையாமத் தூங்குச்சு, அன்னைக்கே தெரிஞ்சுக்கிட்டாளாம், சாப்பிடும்போது எங்கிட்டச் சொன்னாளாம். "அப்ப நீங்க, ரசத்துல உப்பு கம்மின்னீங்க"ன்றா. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சொன்னாளாம். நான் சுண்ணாம்புக்காரன்கிட்ட சத்தம் போட்டுட்டு இருந்தேனாம். பங்குனியில அவ தங்கச்சி வந்துருந்தப்ப சொன்னாளாம். அப்ப தங்கச்சியும் சேந்து சொன்னாளாம். எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. ஒரு விஷயம் சொல்றதுன்னா ஒழுங்கா உக்காரவச்சுச் சொல்லணும்ல? போற போக்குல சொன்னா?

நான் நம்பல. கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுல கூட்டிட்டுப் போனோம், உங்க கம்பவுண்டருக்கு எல்லாம் தெரியும், அவரும் அங்க நின்னாரு. டாக்டரம்மா அதுக்குப் பின்னாடி போயி எவர்சில்வர் தட்டு ஒண்ணத் தரையில போட்டாங்க. ஆஸ்பத்திரியே திரும்பிச்சு. கோழி வச்சிருந்த ஒரு பாட்டையா கோழியக் கீழ விட்டுட்டாரு. இது திரும்பல. வீட்டம்மா மூஞ்சியவே பாத்துக்கிட்டு வாலாட்டுது. "பொறவியிலயே கேக்காதுங்க. இது தெரியாமலா பத்து மாசம் வளத்தீங்க?"ன்னு டாக்டரம்மா என்னையக் கேக்குது. வளத்தது நான் இல்லம்மா, அந்தா நிக்கிறாளே, அவதான்னேன்.

அங்க இருந்து அதே ஆட்டோவுல நேரா ஞானமுத்து தோப்புக்கு. விடுவேனா? சண்டைக்குப் போனேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "தனியா வச்சுத் தட்டிப் பாருங்கன்னு நான்தான் சொன்னேனே சார், நீங்க கேக்கலையே"ன்றான். இவனும் சொன்னானாம். அவளும் சொன்னாளாம். எல்லாரும் சொல்லிருக்காங்களாம், எனக்குத்தான் கேக்கலையாம். எப்படி இருக்கு கதை?

ஆனா நல்ல மனுசன், அதையும் சொல்லிரணும். "விட்டுட்டுப் போங்க சார், வேற குட்டி எடுத்துக்கங்க"ன்னான். சரின்னு ஆட்டோவப் பாத்தா, இவ எறங்கல. நாய மடியில சாச்சுப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்துருக்கா. எறங்குங்கிறேன், எறங்கல. கால் வலியா இருக்கும், அவளுக்கு முட்டி வலி உண்டு. சரி வேணாம்னு திரும்பிட்டோம்.

ஆனா நான் முடிவு பண்ணிட்டேன் தம்பி. காவலுக்கு ஆகாத நாய், சொல்லு கேக்காத நாய், கடிச்ச நாய். இந்த வீட்டுக்கு ஒத்துவராது. நல்ல எடமாப் பாத்துக் குடுத்துருவோம்னு கம்பவுண்டர்கிட்டச் சொன்னேன். அது சொல்லி இன்னையோட பன்னெண்டு நாள். அன்னைக்கு வாய மூடுனவதான் இவ. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, கெடையாது. பன்னெண்டு நாளா. நான் கத்துறேன், என் வாயப் பாத்துட்டு நிக்கிறா. எரும மாட்டு மேல மழ பெஞ்ச மாதிரி. சாப்பாடு வச்சா தரையில கால ரெண்டு தட்டுத் தட்றா. எனக்குத் தம்பி! நாய்க்குத் தட்ற மாதிரி எனக்குத் தட்றா. நானும் எந்திரிச்சுப் போயி தின்னுட்டு வந்துர்றேன். என்ன செய்ய, பசிக்குதுல்ல.

சரி, அதெல்லாம் எங்க வீட்டு விவகாரம். உங்க வீட்டுக்கு வருவோம். சொல்லுங்க, யார் யாரு இருக்கீங்க? நீங்க, சம்சாரம், அம்மா, ரெண்டு வயசுல ஒரு பிள்ள. ம். பிள்ள தத்தக்கா பித்தக்கான்னு ஓடிவந்து வாலப் புடிக்குமே தம்பி, தூங்கும்போது புடிச்சா என்ன செய்வீங்க? கை இருக்கற கதிய இப்பத்தான் காமிச்சேன். பக்கத்துலயே ஆள் இருப்பாங்களா? சரி. போன்ல தோப்பு வீடுன்னீங்க, எத்தன ஏக்கர்? வேலி இருக்கா, முள்கம்பியா, சுத்துச் செவரா? ரோடு எம்புட்டுத் தூரம்? லாரி போற ரோடா? ஆரன் அடிச்சா அதுக்குக் கேக்காது, நெனப்புல வச்சுக்கங்க. சங்கிலி இல்லாம வெளிய விட்டா திரும்பக் கூப்புட முடியாது. கூப்புட்டா வராது.

சரிப்படாதுன்னு சொல்லல. ஒண்ணொண்ணாப் பாக்கணும்ல. போன வாரம் ஒருத்தர் வந்தாரு, பருத்தி மில்லுல மேஸ்திரி. மில்லுல காவலுக்குக் கட்டிப்போடப் போறாராம். இருபத்தி நாலு மணி நேரமும் கட்டிப்போட்டா அது செத்துரும், ஓடுற சாதி அது, போய்ட்டு வாங்கன்னு அனுப்பிட்டேன். அன்னைக்கு மத்தியானம் சாப்பாட்டுல அப்பளம் ரெண்டு கூட இருந்துச்சு. பேச்சு மட்டும் இல்ல. முந்தாநேத்து ஒரு புதுமாப்பிள வந்தாரு, பாத்து நாலு போட்டோ எடுத்துட்டு, "செவிட்டு நாயின்னு சொன்னா வேற யாரும் வாங்கமாட்டாங்க சார், சொல்லாமக் குடுத்துருங்க"ன்னு எனக்கு யோசனை சொல்லிட்டுப் போறாரு. மடப்பய.

நீங்க பரவால்ல. நீங்க நல்லாக் கேக்குறீங்க. என்ன கேட்டீங்க? காது கேக்காத நாய எப்படிக் கூப்புடுறதுன்னா?

அது... அது எனக்குத் தெரியாது தம்பி. அவளுக்குத்தான் தெரியும்.

அதத் தெரிஞ்சுக்காமக் கூட்டிட்டுப் போனா உங்களுக்கும் என் கதிதான். சரி வாங்க, பின்னாடி போவோம். அவதான் சொல்லிக் குடுக்கணும். எங்கிட்டப் பேசமாட்டா, உங்ககிட்டப் பேசுவாளா பாப்போம். பாத்து வாங்க, படி இருக்கு. நான் இந்த வாசப்படியிலயே நின்னுக்கிறேன், கை இன்னும் ஆறல.

மரகதம்! மரகதம், தம்பி தோப்புல இருந்து வந்துருக்காரு. நாய எப்படிக் கூப்புடணும், எப்படி உக்கார வைக்கணும்னு கேக்குறாரு. சொல்லிக் குடு. எனக்காக இல்ல, நாய்க்காக. தெரியாமப் போனா அங்க போயி அடிதான் வாங்கும்.

வர்றா பாருங்க. அந்தா, சங்கிலிய அவுத்துட்டா. எப்படி நிக்கிது பாத்தீங்களா அவ காலுக்குப் பக்கத்துல? ஒசரத்தப் பாருங்க. நான் அளந்து எடுத்த குட்டி தம்பி அது.

"பின்னாடி இருந்து எப்பவும் தொடாதீங்க. மொதல்ல கால லேசா ஒரு தட்டு. தரை அதிருறது அதுக்குத் தெரியும்." கேட்டீங்களா? பேசுறா! பன்னெண்டு நாளைக்கு அப்பறம் இப்பத்தான் இந்தக் குரலக் கேக்குறேன். சரி சரி, நான் குறுக்க பேசல. நீ சொல்லும்மா.

கைய முழுசா விரிச்சுக் கீழ அமுக்குனா உக்காரு. தோள்ல இருந்து கைய வீசுனா வா. ஆள்காட்டி வெரல ஆட்டுனா வேணாம். ரெண்டு கன்னத்தையும் ரெண்டு கையால புடிச்சா நல்ல பிள்ளைன்னு அர்த்தமாம். பாருங்க, வால் எப்படி ஆடுதுன்னு. நீங்க செஞ்சு பாருங்க தம்பி. ஆங், உக்காந்துருச்சு. உங்களுக்கே உக்காந்துருச்சே. எனக்குப் பத்து மாசம் உக்காரலயே.

ராத்திரி தூங்கும்போது லைட்ட ஒரு தடவ அணைச்சுப் போடணுமாம், பக்கத்துல போறதுக்கு முன்னாடி. இதெல்லாம் எப்ப கண்டுபுடிச்ச மரகதம்? எங்கிட்டச் சொல்லவே இல்ல... சரி. சொல்லிருப்ப.

இருங்க, அந்த உக்காருறத நான் ஒரு தடவ கிட்டத்துல பாக்குறேன். எறங்கி வர்றேன், ஒரு நிமிசம்.

ஏன் போயிருச்சு? நல்லாத்தான உக்காந்துருந்துச்சு, ஏன் எந்திரிச்சுக் கல்லுக்குப் பின்னாடி போயிருச்சு? நான் ஒண்ணும் செய்யலயே, ஒரு படிதான எறங்குனேன்.

என்ன தம்பி கேக்குறீங்க? அவங்க முந்தானைய இழுத்துத் தோள்ல போத்துனாங்களே, அது என்ன சைகைன்னா? அது சைகை இல்ல தம்பி, அது சும்மா. நான் வந்தா அவ அப்படித்தான், எந்திரிச்சு முந்தானைய இழுத்துப் போத்திக்கிடுவா. கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து அப்படித்தான். அது எனக்கு மரியாத.

நீ என்ன தலையாட்டுற? சைகைதானா? சொல்லு, அவரு கேக்குறாருல்ல. சொல்லேன்.

"நான் சொல்லிக் குடுக்கல. அதுவாப் பாத்துக் கத்துக்கிருச்சு. நான் இப்படி இழுத்தா, அவரு வர்றாருன்னு அர்த்தம். ஒதுங்கிக்கிடும்."

ஒதுங்கிக்கிடும்.

தம்பிக்கு நல்லாச் சொல்லு. ஒதுங்குறதுன்னா?

"அவரு சத்தம் போட்டு முடியிற வரைக்கும் கல்லுக்குப் பின்னாடி இருக்கும். முடிஞ்சதும் நான் தட்டுவேன், வெளிய வரும். இது உங்க வீட்ல தேவப்படாது தம்பி. நீங்க மத்ததப் பழகிக்கிட்டாப் போதும்."

நீங்க ஏன் தம்பி குனிஞ்சுக்கிட்டீங்க? நிமிந்து நில்லுங்க. வெக்கப்பட வேண்டியது நான்.

முப்பத்தி மூணு வருஷம் தம்பி. நாய் வந்து பதினோரு மாசம்தான். அதுக்கு முன்னாடி முப்பத்தி ரெண்டு வருஷம் இவ முந்தானைய இழுத்துருக்கா. நான் ஸ்கூட்டர நிறுத்திட்டு உள்ள வருவேன், இவ எந்திரிச்சு இழுத்துப் போத்திக்கிடுவா, எனக்கு நெஞ்சு நிமிரும். ஆபீஸ்ல ஒருத்தனும் மதிக்க மாட்டான், வீட்ல இவளாவது மதிக்கிறாளேன்னு. காது கேக்காத ஒரு குட்டி நாயி, வந்து பதினோரு மாசத்துக்குள்ள, அது பயம்னு கண்டுபுடிச்சிருக்கு. எனக்குத் தெரியல. தம்பி, கொஞ்சம் தண்ணி இருந்தா... வேணாம், வேணாம், நீ எந்திரிக்காத மரகதம், நான் குடிச்சுக்கிறேன். நீ அங்கேயே உக்காரு. கல்லு மேலயே உக்காரு.

இல்ல தம்பி, நீங்க போகாதீங்க. வந்த ஆள வெறுங்கையோட அனுப்புறதும் முறையில்ல, வேன் வேற புடிச்சுட்டு வந்துருக்கீங்க. உங்க வீடு நல்ல வீடுதான். நீங்க நிதானமாப் பேசுறீங்க, பிள்ளயப் பத்திக் கேட்டப்ப கூட கோவப்படல. அளந்து பாத்தாச் சரியாத்தான் வருது. அது உங்ககிட்ட நல்லா இருக்கும். ஒதுங்க வேண்டியது இருக்காது.

ஆனா அது போயிட்டா இவ யார் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருப்பா?

எனக்குத் தெரியல தம்பி. நெசமாத் தெரியல. எல்லாம் நான்தான் முடிவு பண்ணேன். வாங்குறதும் நான், பேரு வைக்கிறதும் நான், குடுக்குறதும் நான். ஸ்கெட்ச்சுல இவ எடம் எதுன்னு கூட பாக்கல, அந்தக் கல்லையே விட்டுட்டேன்.

மரகதம், இந்தா, நீ அவுத்துப் போட்ட சங்கிலி. உங்கிட்டயே இருக்கட்டும். இது போகணுமா இருக்கணுமான்னு நீ சொல்லு. கேக்குறேன். தீபாவளிக்கு நீ சொன்னப்ப இருந்த மாதிரி இல்ல, இப்பக் கேக்குறேன்.

அவசரப்படாதீங்க தம்பி, உக்காருங்க. ஒடனே வராது. அவளுக்குப் பழக்கம் இல்ல. அவ சொல்லட்டும், அதுவரைக்கும் நான் வாயத் தொறக்கல.